ஓட்டமா, பாஸா? அமெரிக்கக் கால்பந்தின் தீராத வழக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த விவாதம் எதைப் பற்றியது?

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் தரப்படுகின்றன. ஒவ்வொன்றையும் டவுன் என்பார்கள். நான்கு டவுன்களுக்குள் 10 யார்டு முன்னேறினால் மேலும் நான்கு கிடைக்கும், முன்னேறாவிட்டால் பந்து எதிரணியிடம் போய்விடும். முன்னேற இரண்டு வழிகள் உண்டு. முன்வரிசை வீரர்கள் திறந்துவிடும் இடைவெளிக்குள் ரன்னிங் பேக் பந்துடன் பாயலாம். அல்லது குவார்ட்டர்பேக் அதைத் தொலைவில் ஓடும் ரிசீவருக்கு வீசலாம். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏறத்தாழ அறுபது எழுபது முறை இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அதைத் தேர்ந்தெடுப்பவர் பயிற்சியாளர் என்பதால், தோல்விக்குப் பிறகு ரசிகர்களின் கோபம் முதலில் அவர் மீதே திரும்புகிறது. "ஓட வேண்டிய இடத்தில் ஏன் வீசினார்?" என்பதும், "வீசத் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு ஏன் ஓடிக்கொண்டே இருந்தார்?" என்பதும் இந்த விளையாட்டின் மிகப் பழைய இரண்டு வழக்குகள்.

பாஸ் இந்த ஆட்டத்துக்குள் எப்போது வந்தது?

தொடக்கத்தில் பந்தை முன்னோக்கி வீச அனுமதியே இல்லை. ஆட்டம் முழுவதும் மனிதத் திரள்கள் மோதிக்கொள்வதாகவே இருந்தது, மாணவர்கள் உயிரிழந்தார்கள். 1905-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டு, 1906-ல், முன்னோக்கி வீசும் பாஸ் விதிகளில் சேர்க்கப்பட்டது. ஆனாலும் பிடிபடாத பாஸுக்குக் கடும் தண்டனை இருந்ததால், பெரும்பாலான பயிற்சியாளர்கள் அதைத் தொடவே அஞ்சினார்கள். 1913 நவம்பர் 1 அன்று நோட்டர் டாம் பல்கலைக்கழக அணி, வெஸ்ட் பாயின்ட்டில் ராணுவ அகாடமியை 35–13 என்று வென்றபோது, கஸ் டோரைஸ் வீச நூட் ராக்னி பிடித்த பாஸ்கள் நாடு முழுவதும் பேசப்பட்டன.

அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு ஓட்டமே கோலோச்சியது. 1951 முதல் 1978 வரை ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியை நடத்திய வூடி ஹேய்ஸின் ஆட்டத்தை "மூன்று யார்டும் ஒரு புழுதிப் படலமும்" என்றே மக்கள் அழைத்தார்கள். பாஸ் வீசினால் மூன்று நடக்கலாம், அவற்றில் இரண்டு கெட்டவை என்பது அக்காலப் பயிற்சியாளர்களிடையே புழங்கிய சொல்; பிடிபடாமல் போவதும், எதிரணி பறித்துக்கொள்வதும் அந்த இரண்டு.

உண்மையான திருப்பம் 1978-ல் வந்தது. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அமைப்பு அந்த ஆண்டு இரண்டு விதிகளை மாற்றியது. ஐந்து யார்டுக்கு அப்பால் ரிசீவரைத் தடுப்பு வீரர்கள் இடித்துத் தள்ளக்கூடாது என்பது ஒன்று. முன்வரிசை வீரர்கள் கைகளை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம் என்பது மற்றொன்று. 1984-ல் குவார்ட்டர்பேக் டான் மரீனோ ஒரே பருவத்தில் 5,084 யார்டுகளை வீசிக் கடந்தார். ஆறே ஆண்டுகளில் அப்படி ஓர் எண்ணிக்கை பிறந்ததற்கு, மரீனோவின் கை அளவுக்கு அந்த விதிமாற்றங்களும் காரணம் என்றே கருதுகிறேன்.

கணக்குப்படி எது லாபம்?

தொழில்முறை ஆட்டத்தில் பாஸ்தான். இன்றைய என்.எஃப்.எல்.-ல் ஓர் ஓட்டம் சராசரியாக 4 யார்டுக்குச் சற்று மேலே தருகிறது. ஒரு பாஸ் முயற்சியோ, பிடிபடாதவற்றையும் குவார்ட்டர்பேக் பந்துடன் வீழ்த்தப்படுவதையும் கழித்த பின்னரும், ஏறத்தாழ 6 யார்டு தருகிறது. பந்து பறிபோகும் ஆபத்து உண்டு என்பது உண்மையே. ஆனால் இப்போது நூறு பாஸ்களில் இரண்டு மூன்றுதான் பறிபோகின்றன.

ஓட்டத்தின் ஆதரவாளர்கள் இங்கே ஒரு கணக்கை முன்வைப்பார்கள்: ஒரு டவுனுக்கு நான்கு யார்டு என்றால் மூன்று டவுனில் பன்னிரண்டு, ஆகவே ஓடிக்கொண்டே இருந்தால் போதுமே என்பார்கள். அந்தச் சராசரி ஏமாற்றக்கூடியது. எப்போதாவது கிடைக்கும் ஐம்பது யார்டு ஓட்டம் அதைத் தூக்கிவிடுகிறது. பாதிக்கும் மேற்பட்ட ஓட்டங்கள் நான்கு யார்டைத் தொடுவதே இல்லை. முதல் டவுனில் இரண்டு யார்டு, அடுத்ததில் ஒன்று என்று நின்றுவிட்டால், மூன்றாவது டவுனில் ஏழு யார்டு தேவைப்படும். அப்போது எல்லோருக்கும் தெரிந்த நேரத்தில், எதிரணி காத்திருக்கும்போது, பாஸ் வீச வேண்டியதாகிறது. ஓட்டத்தை மட்டுமே நம்பும் அணி, தன் குவார்ட்டர்பேக்கை மிகக் கடினமான நிலைமையில் மட்டும் வீச வைக்கிறது.

"முதலில் ஓட்டத்தை நிலைநாட்ட வேண்டும்" என்கிறார்களே, அது உண்மையா?

பாதி உண்மை. வென்ற அணிகள் அதிகம் ஓடியிருக்கின்றன என்பதைப் புள்ளிவிவரம் காட்டும். ஆனால் அவற்றில் பல, முதலில் பாஸ் வீசி முன்னிலை பெற்ற பிறகு, கடிகாரத்தைக் கரைப்பதற்காக ஓடியவை. பாஸ் பிடிபடாவிட்டால் கடிகாரம் நிற்கும். களத்துக்குள்ளேயே வீழ்த்தப்பட்ட ஓட்டத்துக்குப் பின் அது ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே வெற்றி உறுதியானதால் ஓட்டம் கூடியது என்பதே பல ஆட்டங்களின் கதை.

அடுத்தது பிளே ஆக்‌ஷன். குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கிடம் கொடுப்பதுபோல் காட்டிவிட்டுத் தானே வைத்துக்கொண்டு வீசும் உத்தி இது. நிறைய ஓடினால்தான் இந்தப் பாவனை பலிக்கும் என்று தலைமுறை தலைமுறையாக நம்பப்பட்டது. கடந்த பத்தாண்டுகளின் தரவுகளை ஆராய்ந்தவர்கள் அப்படியொரு தொடர்பைக் காணவில்லை. குறைவாக ஓடும் அணிகளுக்கும் அது நன்றாகவே பலிக்கிறது. தடுப்பு அணியின் இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பேக்கரின் கண், எதிரே நிற்கும் முன்வரிசை வீரரின் அசைவைப் படிக்கவே பழக்கப்பட்டிருப்பதால், அன்றைய ஓட்ட எண்ணிக்கையை அவர் மனத்தில் கூட்டிப் பார்ப்பதில்லை.

ஆனால் மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும். தடுப்பு அணி எத்தனை பேரைக் கோட்டருகே நிறுத்துகிறது என்பதை, அதாவது பாக்ஸ் எனப்படும் பகுதியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை, உங்கள் ஓட்டத்தின் வலிமை நிச்சயம் மாற்றும். அதைப் பற்றிக் கீழே பிலடெல்பியாவைப் பேசும்போது பார்ப்போம்.

2023-ல் மிச்சிகன் பல்கலைக்கழக அணி தொடர்ந்து 32 முறை ஓடியது சரியான முடிவா?

சரியான முடிவு. அண்மைக் காலத்தில் நான் மிகவும் மதிக்கும் பயிற்சி முடிவுகளில் அது ஒன்று.

2023 நவம்பர் 11 அன்று பென்சில்வேனியாவில் பென் ஸ்டேட்டை மிச்சிகன் எதிர்கொண்டது. தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா, முந்தைய நாள்தான் பிக் டென் கூட்டமைப்பால் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார். அவர் இடத்தில் நின்றவர் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஷெரோன் மூர். குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி அன்று எட்டு பாஸ்களே வீசினார், அவற்றில் ஏழு பிடிபட்டன, கிடைத்தது 60 யார்டு. இரண்டாம் பாதியில் ஆட்டக் குறிப்பில் ஒரு பாஸ் முயற்சிகூடப் பதிவாகவில்லை. தொடர்ந்து 32 ஓட்டங்கள். மிச்சிகன் 24–15 என்று வென்றது. பிளேக் கோரம் 145 யார்டு ஓடி இரண்டு டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) அடித்தார்.

இதைக் கோழைத்தனம் என்று விமர்சித்தவர்கள் இருந்தார்கள். அன்று மூருக்குத் தெரிந்திருந்தவை என்ன என்று பாருங்கள். பென் ஸ்டேட்டின் மிகப் பெரிய ஆயுதம், குவார்ட்டர்பேக்கைத் துரத்தி வீழ்த்தும் அதன் விளிம்பு வீரர்கள். வீசாதவரை வீழ்த்த முடியாது. மிச்சிகன் முன்னிலையில் இருந்தது, பென் ஸ்டேட்டின் தாக்குதல் திணறிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தில் மிச்சிகன் தோற்கக்கூடிய வழி ஒன்றுதான்: தானே பந்தை இழப்பது. எதிரியின் சிறந்த வீரர்களுக்கு வேலையே இல்லாமல் செய்வதைக் கோழைத்தனம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, 2024 ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் நடந்த தேசிய இறுதியாட்டம் இந்த வழக்கின் இரு தரப்பையும் ஒரே களத்தில் நிறுத்தியது. எதிரே நின்ற வாஷிங்டன் அணி, மைக்கேல் பெனிக்ஸின் பாஸ்களால் அரையிறுதியில் டெக்சாஸுக்கு எதிராக 430 யார்டுகளைக் கடந்திருந்தது. மிச்சிகன் 303 யார்டு ஓடி 34–13 என்று வென்றது. பெனிக்ஸ் 51 முறை வீசினார், இரண்டு பாஸ்கள் பறிபோயின. ஆனால் அந்த ஆட்டம் மிச்சிகனின் ஓட்டத்தால் மட்டும் வெல்லப்பட்டதன்று. பெனிக்ஸை ஓயாமல் நெருக்கிய அதன் தடுப்பு அணி இல்லாவிட்டால், அந்த ஓட்டங்கள் முன்னிலையைக் காக்கப் போதுமானவையாக இருந்திருக்க மாட்டா. ஓட்டத்தை முன்னிறுத்தும் அணிக்கு வலிய தடுப்பு அணி கட்டாயத் தேவை என்பதை அந்த அணியைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

அப்படியானால் 2024-ல் ஒஹாயோ ஸ்டேட் ஓடியது மட்டும் ஏன் தவறு?

ஏனென்றால் அது எதிரியின் பலத்தின் மேல் போய் மோதியது. 2024 நவம்பர் 30 அன்று கொலம்பஸில் நடந்த ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட்டிடம் ஜெரமையா ஸ்மித், எமேகா எக்புகா, கார்னெல் டேட் என்ற மூன்று அபாரமான ரிசீவர்கள் இருந்தார்கள். மிச்சிகனின் பலமோ நடுவில் நின்ற மேசன் கிரகாம், கெனத் கிராண்ட் என்ற இரண்டு மலைபோன்ற தடுப்பு வீரர்கள். ஒஹாயோ ஸ்டேட்டின் முன்வரிசையில் இடது டேக்கிள் ஜோஷ் சிம்மன்ஸும், சென்டர் செத் மெக்லாஃப்லினும் அதற்கு முன்பே காயத்தால் பருவத்தை இழந்திருந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் தலைமைப் பயிற்சியாளர் ரையன் டேயும் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் சிப் கெல்லியும் திரும்பத் திரும்ப நடுவிலேயே ஓட வைத்தார்கள். தரவரிசையில் இல்லாத மிச்சிகன் 13–10 என்று வென்றது.

முந்தைய மூன்று ஆண்டுகளாக மிச்சிகனிடம் தோற்றபோதெல்லாம், "உடல்வலிமை போதாது" என்ற பழிச்சொல் டேயின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அன்று அழைக்கப்பட்ட ஆட்டங்கள் அந்தப் பழிக்குச் சொல்லப்பட்ட பதில்போல் இருந்தன என்பது என் கணிப்பு. ரசிகர்கள் பல ஆண்டுகளாக ஒரு பயிற்சியாளரிடம் எதைக் கேட்டு நச்சரிக்கிறார்களோ, அதை அவர் மிகத் தவறான நாளில் செய்துவிடக்கூடும்.

அதன் பிறகு நடந்ததைக் கவனிக்க வேண்டும். தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் தொடங்கியதும் ஒஹாயோ ஸ்டேட் தொடக்கத்திலிருந்தே வீசியது. டென்னசி 42–17 என்று வீழ்ந்தது. காலிறுதியான ரோஸ் பவுலில் ஓரிகன் ஒரு கட்டத்தில் 34–0 என்று பின்தங்கி, 41–21 என்று தோற்றது. அந்த ஒரே ஆட்டத்தில் ஸ்மித் 187 யார்டு எடுத்தார். அதே வீரர்கள், அதே பயிற்சியாளர்கள், அதே காயங்கள். மாறியது தேர்வு மட்டுமே. 2025 ஜனவரி 20 அன்று நோட்டர் டாமை 34–23 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள்.

என்.எஃப்.எல். இறுதியாட்டமான சூப்பர் பவுலில், கோல்கோட்டுக்கு ஒரு யார்டு தொலைவில் சியாட்டில் பாஸ் வீசியது வரலாற்றின் மிக மோசமான முடிவா?

முடிவு அத்தனை மோசமானதன்று. அது முடிந்த விதம்தான் மோசம். 2015 பிப்ரவரி 1 அன்று நியூ இங்கிலாந்து 28–24 என்று முன்னிலையில் இருந்தது. சியாட்டில் ஒரு யார்டு கோட்டில், இரண்டாவது டவுன், 26 நொடிகள், கையில் ஒரே ஒரு டைம்அவுட் (கடிகாரத்தை நிறுத்தும் வாய்ப்பு). மார்ஷான் லிஞ்ச் என்ற மூர்க்கமான ரன்னிங் பேக் களத்தில் இருக்க, பீட் கேரலின் அணி பாஸை அழைத்தது. குவார்ட்டர்பேக் ரசல் வில்சன் வீசியதை நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லர் பறித்தார். ஆட்டம் அத்துடன் முடிந்தது.

கணக்கு இதுதான். மீதமிருந்த மூன்று டவுன்களையும் பயன்படுத்த வேண்டுமென்றால், ஒரே டைம்அவுட்டுடன் மூன்று முறையும் ஓட நேரம் போதாது. ஒரு முறையேனும் வீச வேண்டும். பிடிபடாவிட்டால் கடிகாரம் நிற்கும், பிறகு இரண்டு முறை ஓடலாம். நியூ இங்கிலாந்து கோல்கோட்டுக்கு ஏற்ற கனத்த வீரர்களை நிறுத்தியிருந்தது. அந்தப் பருவத்தில் லிஞ்ச் ஒரு யார்டு கோட்டிலிருந்து ஐந்து முறை ஓடி ஒரே முறைதான் டச்டவுன் எடுத்திருந்தார். இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பின்னும் ஒரு குறை மிஞ்சுகிறது. வீசுவது என்று முடிவு செய்தால், களத்தின் நடுவை நோக்கிக் கூட்டத்துக்குள் வீசாமல், ஓரத்தில் உயர்த்தி வீசும் பாஸை அழைத்திருக்கலாம். அல்லது வில்சனை வெளியே ஓடவிட்டு, ஆபத்தென்றால் எல்லைக்கு வெளியே எறிந்துவிடச் சொல்லியிருக்கலாம். பாஸை அழைத்ததற்காக கேரலைக் குறைசொல்பவர்கள், எந்தப் பாஸை அழைத்தார் என்பதைக் கேட்டிருக்க வேண்டும்.

முன்னிலையில் இருக்கும்போது ஓடுவதுதானே அறிவு?

பெரும்பாலும் ஆம். அதற்கு மாறாத சான்று அட்லாண்டா. 2017 பிப்ரவரி 5 அன்று சூப்பர் பவுலில் 28–3 என்று முன்னே இருந்த அணி, 28–20 என்ற நிலையில், ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது எதிரணியின் 22 யார்டு கோட்டை எட்டியது. அங்கிருந்து ஒரு ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்துப் பெறும் மூன்று புள்ளி) ஆட்டத்தை ஏறத்தாழ முடித்திருக்கும். ஒரு முறை ஓடி ஒரு யார்டு இழந்தார்கள். அடுத்து தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் கைல் ஷனஹான் பாஸை அழைத்தார், குவார்ட்டர்பேக் மேட் ரையன் பின்னோக்கி வீழ்த்தப்பட்டார். அடுத்த பாஸ் பிடிபட்டும், முன்வரிசையின் ஒரு தவறால் செல்லாமல் போனது. உதைக்கும் தொலைவிலிருந்தே வெளியே தள்ளப்பட்டு பந்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கூடுதல் நேரத்தில் 34–28 என்று தோற்றார்கள். மூன்று முறை நேராக ஓடி ஒரு யார்டுகூடக் கிடைக்காமல் போயிருந்தாலும், ஃபீல்ட் கோலுக்கு ஏற்ற இடத்தில் இருந்திருப்பார்கள். இதற்கு என்னால் எந்த நியாயமும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆனால் மேலே சொன்ன ஒஹாயோ ஸ்டேட்டின் இறுதியாட்டத்தைப் பாருங்கள். 31–23 என்று முன்னே இருந்த நிலையில், ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், மூன்றாவது டவுனில் 11 யார்டு தேவை. ஓடிக் கடிகாரத்தைக் கரைத்துவிட்டு பந்தை உதைத்துக் கொடுப்பது மரபு. அவர்கள் ஸ்மித்துக்கு 56 யார்டு பாஸ் வீசி ஆட்டத்தை முடித்துவைத்தார்கள். எதிரணி ஸ்மித்தின் மேல் ஒற்றை ஆளை மட்டும் நிறுத்தியிருந்தது. அட்லாண்டாவுக்கோ, ஏற்கெனவே கையில் இருந்த மூன்று புள்ளிகளைப் பணயம் வைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இந்த இரண்டையும் "துணிச்சல்" என்ற ஒரே பெயரில் அடக்குவது சரியாகாது.

நல்ல ரன்னிங் பேக் கிடைத்தால் அணி மாறிவிடுமா?

ரன்னிங் பேக் சாக்வான் பார்க்லியின் இரண்டு ஆண்டுகள் இதற்கு விடை சொல்கின்றன. 2023-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் அவர் ஓர் ஓட்டத்துக்குச் சராசரியாக 3.9 யார்டு எடுத்து, 962 யார்டுடன் பருவத்தை முடித்தார். 2024-ல் பிலடெல்பியா ஈகிள்ஸுக்குப் போனார், சராசரி 5.8, மொத்தம் 2,005 யார்டு. அதே கால்கள்தான். முன்னே நின்றவர்கள் ஜோர்டன் மைலாட்டா, லேண்டன் டிக்கர்சன், கேம் ஜர்கென்ஸ், மெக்காய் பெக்டன், லேன் ஜான்சன் என்ற ஐவர். அவர்களைப் பயிற்றுவித்தவர் ஜெஃப் ஸ்டவுட்லண்ட். ரன்னிங் பேக்கின் பெயரை மட்டும் உச்சரிக்கும் விவாதங்களில் எனக்கு வருத்தம் தருவது இந்த ஐவரும் மறைந்துபோவதுதான்.

அந்தப் பருவத்தின் இறுதியாட்டம் இன்னும் சுவையானது. 2025 பிப்ரவரி 9 அன்று கன்சாஸ் சிட்டி அணி பார்க்லியைத் தடுப்பதையே முதல் நோக்கமாகக் கொண்டு வந்தது. அதில் வெற்றியும் பெற்றது. அவர் 25 முறை ஓடி 57 யார்டுதான் எடுத்தார். அப்படியும் ஈகிள்ஸ் 40–22 என்று வென்றது, ஏனென்றால் ஓட்டத்துக்காகக் குவிந்த ஆட்கள் விட்டுச்சென்ற வெளியில் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் 22 பாஸ்களில் 17-ஐப் பிடிக்கவைத்தார். ஓட்டம் வெறும் இரண்டு யார்டு தந்த நாளிலும் அது எதிரணியின் ஆட்களை இழுத்துவைத்திருந்தது. "பாதி உண்மை" என்று முன்பு சொன்னதன் மறுபாதி இதுவே.

புதிய பயிற்சியாளர் வந்து ஆட்டமுறையையே மாற்றினால் என்ன ஆகும்?

நெப்ராஸ்காவைக் கேட்டால் தெரியும். டாம் ஆஸ்போர்னின் கீழ் ஆப்ஷன் ஓட்டத்தால் (எதிரணி வீரரின் அசைவைப் பார்த்து, தானே ஓடுவதா, இன்னொருவரிடம் கொடுப்பதா என்று குவார்ட்டர்பேக் முடிவெடுக்கும் முறை) 1994, 1995, 1997 ஆண்டுகளில் தேசியப் பட்டம் எடுத்த பல்கலைக்கழகம் அது. அவருக்குப் பின் வந்த ஃப்ராங்க் சோலிச்சை 2003-ல், அந்தப் பருவத்தில் ஒன்பது வெற்றிகள் இருந்தும், நீக்கினார்கள். என்.எஃப்.எல்.-லிருந்து பில் கலஹான் வந்தார், குறும்பாஸ்களை அடிப்படையாகக் கொண்ட வெஸ்ட் கோஸ்ட் முறையைப் புகுத்தினார். ஓட்டத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்களை வைத்து 2004-ல் அந்த அணி 5–6 என்று முடித்தது. 1961-க்குப் பிறகு அதுவே முதல் தோல்விப் பருவம். 2007-உடன் கலஹானும் போனார்.

அண்மையில் விஸ்கான்சினும் அதே வழியில் நடந்தது. கனத்த முன்வரிசை, ரான் டேன் முதல் ஜோனத்தன் டெய்லர் வரை நீண்ட ரன்னிங் பேக் வரிசை என்று வாழ்ந்த அணிக்கு, 2023-ல் லூக் ஃபிக்கெல், பாஸையே முதன்மையாகக் கொண்ட ஏர் ரெய்ட் மரபில் வந்த ஃபில் லாங்கோவைத் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக்கினார். 2024 நவம்பரில், பருவம் முடியும் முன்பே, லாங்கோ நீக்கப்பட்டார். அணி 5–7 என்று முடித்தது. 22 பருவங்களாகத் தொடர்ந்த, பருவத்துக்குப் பிந்தைய பவுல் ஆட்டத் தகுதி அறுந்தது. குவார்ட்டர்பேக் டைலர் வான் டைக் பருவத் தொடக்கத்திலேயே காயமடைந்ததையும் சேர்த்தே இதை எடைபோட வேண்டும்.

மாற்றமே கூடாதா என்றால், ஓக்லஹோமா மறுக்கிறது. விஷ்போன் என்ற ஆப்ஷன் ஓட்டத்தால் புகழ்பெற்ற அந்த அணிக்கு 1999-ல் வந்த பாப் ஸ்டூப்ஸ், ஏர் ரெய்ட் முறையின் மைக் லீச்சை அழைத்துவந்தார். கூடவே, அந்த முறைக்கென்றே ஜாஷ் ஹைப்பல் என்ற குவார்ட்டர்பேக்கையும் கொண்டுவந்தார்கள். 2000-ல் 13–0 என்று தேசியப் பட்டம். ஸ்டூப்ஸ் எடுத்துக்கொண்டது, 1998-ல் 5–6 என்று வீழ்ந்து கிடந்த அணி. சோலிச்சிடமிருந்து பறிக்கப்பட்டது, வென்றுகொண்டிருந்த அணி. என் மனத்தில் இந்த வேறுபாடுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனக்கிறது.

ஆள்பலம் குறைந்த அணிக்கு எது ஏற்றது?

இரண்டு முனைகளில் ஏதேனும் ஒன்று. நடுவில் நிற்பது மட்டும் கூடாது. ராணுவ அகாடமிகள் 140 கிலோ எடையுள்ள முன்வரிசை வீரர்களை எளிதில் சேர்த்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் அவர்கள் படைவீரர்களாகப் பணியாற்ற வேண்டியவர்கள். ஆகவே எதிரணி ஆண்டுக்கு ஒருமுறையே சந்திக்கும் ஆப்ஷன் ஓட்டத்தை அவை கையில் வைத்திருக்கின்றன. ஆர்மி அணி 2023-ல் அதிலிருந்து சற்று விலகி 6–6 என்று முடித்தது. 2024-ல் பழைய முறைக்குத் திரும்பி 12–2 என்று முடித்து, தன் கூட்டமைப்பின் பட்டத்தையும் வென்றது. அவர்களின் குவார்ட்டர்பேக் பிரைசன் டெய்லி ஓடியே 32 டச்டவுன் எடுத்தார்.

மறுமுனையில் டெக்சாஸ் டெக்கை நடத்திய லீச். அவருடைய ஆட்டப் புத்தகம் மிகச் சிறியது. சில பாஸ் அமைப்புகளையே நூற்றுக்கணக்கான முறை பழக்கினார். 2008-ல் முதலிடத்தில் இருந்த டெக்சாஸை, கடைசி நொடியில் கிரகாம் ஹாரல் வீச மைக்கேல் கிராப்ட்ரி பிடித்த பாஸால் 39–33 என்று வென்றார்கள். ஆர்மியும் லீச்சும் எதிரெதிர்த் துருவங்கள்போல் தோன்றினாலும், சிலவற்றையே எடுத்துக்கொண்டு எதிரணியைவிட நன்றாகச் செய்வது என்ற ஒரே நம்பிக்கையில் நின்றவர்கள்.

ஓட்டமா, பாஸா என்று முடிவெடுப்பவர் உண்மையில் யார்?

பெரும்பாலான அணிகளில் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஆட்டத்தை அழைக்கிறார், தலைமைப் பயிற்சியாளர் தடுக்கவோ மாற்றவோ செய்யலாம். ஆனால் இன்று பல ஆட்டங்கள் இரண்டு வாய்ப்புகளையும் தம்முள் வைத்தே அழைக்கப்படுகின்றன. ஆர்.பி.ஓ. என்ற அமைப்பில், பந்து கைக்கு வந்த பிறகு குறிப்பிட்ட ஒரு தடுப்பு வீரரின் அசைவைப் பார்த்து, அவர் முன்னே வந்தால் வீசுவதும், பின்னே போனால் ரன்னிங் பேக்கிடம் கொடுப்பதும் குவார்ட்டர்பேக்கின் பொறுப்பு. ஆகவே தொலைக்காட்சியில் "மறுபடியும் ஓட்டமா!" என்று நாம் கொதிக்கும்போது, பயிற்சியாளர் அழைத்தது பாஸாகவும் இருந்திருக்கலாம்.

நான்காவது டவுனில் ஒரு யார்டு தேவை என்றால்?

ஓட வேண்டும், அதுவும் பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கே ஓட வேண்டும். பந்து பின்னால் போய்த் திரும்பும் நேரம் மிச்சமாகிறது. ஈகிள்ஸ் அணி குவார்ட்டர்பேக்கைப் பின்னிருந்து தள்ளும் முறையை அத்தனை நேர்த்தியாக்கியதால், 2025 மே மாதம் அதைத் தடைசெய்யும் தீர்மானமே கொண்டுவரப்பட்டது. 24 வாக்குகள் தேவைப்பட, 22 அணிகளே ஆதரித்தன; தீர்மானம் தோற்றது.

ஒரு ரசிகர் பயிற்சியாளரின் முடிவை எப்படி எடைபோடுவது?

பந்து அசைவதற்கு முன்பே எடைபோட வேண்டும். கோட்டருகே நிற்கும் எதிரணி ஆட்களை எண்ணுங்கள். ஐந்து முன்வரிசை வீரர்களும் ஒரு டைட் எண்டும் (முன்வரிசையின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்) தடுக்க நிற்கும்போது எதிரே ஆறு பேர்தான் என்றால், ஓட்டம் நல்ல முடிவு. எட்டுப் பேர் என்றால் வீசுவது நல்ல முடிவு. பிறகு டவுன், தேவைப்படும் யார்டு, கடிகாரம், மிச்சமுள்ள டைம்அவுட், முன்வரிசையில் காயமடைந்தவர்கள் ஆகியவற்றைப் பாருங்கள். இவற்றை வைத்து "நான் ஓடுவேன்" அல்லது "நான் வீசுவேன்" என்று அருகில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பயிற்சியாளர் எதை அழைக்கிறார் என்று பாருங்கள். ஆறு பேர் நிற்கும்போது ஓடி ஒரு யார்டுதான் கிடைத்தது என்றால், குறை தடுக்கத் தவறியவரிடம் இருக்கிறது, அழைத்தவரிடம் இல்லை. எட்டுப் பேருக்குள் மோதி ரன்னிங் பேக் தன் திறமையால் இருபது யார்டு எடுத்துவிட்டால், கைதட்டுங்கள். ஆனால் அடுத்த முறையும் அதே எட்டுப் பேர் நின்றால் வீச வேண்டும் என்பதில் மாற்றமில்லை.